பல்லே இல்லாதவருக்கு இம்ப்ளாண்ட்: கீழ்த்தாடையிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்கு 68 வயது. மேலேயும் கீழேயும் ஒரு பல்கூட இல்லை. ஒன்பது வருடமாகக் கழற்றி மாட்டும் பல்செட். மேல்செட் பரவாயில்லை, கீழ்ச்செட் நிற்பதே இல்லை. ஓர் இடத்தில் ‘நாலு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ) போதும், மூன்றே நாளில் நிரந்தரப் பல்’ என்கிறார்கள். இன்னோர் இடத்தில் கீழே இரண்டு இம்ப்ளாண்ட் மட்டும் வைத்து, அதன்மேல் பல்செட்டை மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். எதைச் செய்வது?

செயற்கைப் பல் கட்டுவதுதான் என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாகிறது, அதிலும் பல்லே இல்லாதவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அம்மாவின் வாயைப் பார்க்காமல் ‘இதைச் செய்யுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது: மேல்செட் பரவாயில்லை, கீழ்ச்செட் நிற்பதில்லை. பல்லே இல்லாத பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேராவது இதையேதான் சொல்வார்கள்.

காரணம் எளிது. மேல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் இடம் கிடைக்கிறது. அகலமான அந்தப் பரப்பில் எச்சில் மெல்லிய படலமாகப் பரவி, ஓரங்களில் காற்றுப் புகாமல் இருக்கும்வரை உறிஞ்சிப் பிடித்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். கீழ்ச்செட் வெறும் குதிரை லாடம். நடுவில் நாக்கு, வெளியே கன்னமும் உதடும், மூன்றும் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். பழகியவர்கள் நாக்கின் ஓரத்தால் கீழ்ச்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசுவார்கள். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் வாக்கியத்தின் நடுவில் அரை நொடி நிறுத்தி, எச்சில் விழுங்குவதுபோல் செட்டை மறுபடி உட்கார வைப்பார்கள். வெளியே சாப்பிடும்போது கீழ்ச்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டி மடியில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று வீட்டில் இருப்பவர்களிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், எலும்பு. பல்லைத் தாங்குவதற்காக இருக்கும் எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்கிவிடும். முதல் வருடம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1972-இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டியது. உங்கள் அம்மாவின் கீழ் ஈற்றை ஆள்காட்டி விரலால் தடவிப் பாருங்கள். உருண்டையாக மேடு தட்டுப்பட்டால் எலும்பு ஓரளவு இருக்கலாம். கத்தி முனைபோல் கூர்மையாகவோ, மேடே இல்லாமல் தட்டையாகவோ இருந்தால் நிறையக் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாய்க்குப் புதுப் பல்செட் எத்தனை கட்டினாலும் அதே கதைதான். பல்செட் கட்டியவர் மேல் குற்றமில்லை, அதற்கு உட்கார இடமில்லை.

சரி, இம்ப்ளாண்ட் இதில் என்ன செய்கிறது? 1950-களின் தொடக்கத்தில் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965-இல் அதே டைட்டானியத்தை முதல்முறையாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். அவர் பெயர் யோஸ்டா லார்சன். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர். அவருக்கு வைத்தது நான்கு இம்ப்ளாண்ட். 2006-இல் அவர் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை அவருக்குப் பயன்பட்டன. ஆகவே ‘இம்ப்ளாண்ட் புது விஷயமாச்சே’ என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். இந்தச் சிகிச்சை பிறந்ததே உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவருக்காகத்தான்.

இப்போது உங்கள் முன் இருக்கும் இரண்டு வழிகள்.

முதலில், பலரும் ‘மலிவான வழி’ என்று ஒதுக்கிவிடும் இரண்டு இம்ப்ளாண்ட் வழி. கீழ்த்தாடையின் முன்பக்கம், கோரைப்பற்கள் இருந்த இடத்துக்கு அருகில், இரண்டு இம்ப்ளாண்ட் வைப்பார்கள். அந்த இடத்தில் எலும்பு அடர்த்தியாக இருக்கும், பின்பக்கம் கரைந்த பிறகும் இங்கே பெரும்பாலும் மிச்சமிருக்கும், ஆபத்தான நரம்பும் குறுக்கே வராது. எலும்பு பிடித்ததும் ஈற்றுக்கு மேலே இரண்டு சிறிய உலோகத் தலைகள் தெரியும். பல்செட்டின் அடிப்பக்கத்தில் நைலான் வளையம் வைத்த இரண்டு குழிகள். மாட்டும்போது இரண்டு பக்கமும் ‘டக், டக்’ என்று விழும். சட்டைக்கு வைக்கும் பிரஸ் பட்டன் மாதிரி. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்டதும் பலர் என்னைப் பார்ப்பதில்லை, கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள், நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். வரவில்லை என்றதும்தான் நம்புவார்கள்.

2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்குச் சாதாரணப் பல்செட்டைவிட இந்த இரண்டு இம்ப்ளாண்ட் பல்செட்டையே முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஏழைகளுக்கான மாற்று என்று யாரும் அதைச் சொல்லவில்லை, அடிப்படைச் சிகிச்சை என்றார்கள். குறைகளும் உண்டு. இது கழற்றி மாட்டுவதுதான். மெல்லும் பாரத்தில் பின்பக்கம் இன்னமும் ஈற்றின் மேல்தான் உட்காரும், அடியில் துகள் போய் உறுத்துவது குறையுமே தவிர நிற்காது. நைலான் வளையம் தேயும். ஒரு வருடத்திலோ அதற்குக் கொஞ்சம் முன்பின்னோ ‘பிடி தளர்ந்துபோச்சு’ என்று வந்து மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பத்து நிமிட வேலை, ஆனால் வந்தாக வேண்டும்.

இரண்டாவது, நான்கு இம்ப்ளாண்ட் மேல் முழு வரிசைப் பல்லையும் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவது. நோயாளி கழற்ற முடியாது, மருத்துவர்தான் கழற்ற முடியும். ஆல்-ஆன்-4 என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். லிஸ்பனில் பாவ்லோ மாலோ என்ற பல் மருத்துவரின் குழு 2003-இல் கீழ்த்தாடைக்கான முடிவுகளை வெளியிட்ட பிறகு பரவியது. இதன் சூட்சுமம் நான்கு என்ற எண்ணிக்கையில் இல்லை, பின்னால் இருக்கும் இரண்டின் சாய்வில் இருக்கிறது. கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும். அதற்குப் பின்னால் நேராக இம்ப்ளாண்ட் இறக்க, எலும்பு கரைந்த தாடையில் உயரம் போதாது. நரம்புக்கு முன்னாலிருந்து தொடங்கி, தலை பின்பக்கம் வருமாறு 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்தால் நரம்பும் தப்பும், பல்லுக்கான தாங்கலும் பின்னால் தள்ளிக் கிடைக்கும். மேல்தாடையில் நரம்புக்குப் பதில் சைனஸ் என்ற காற்றறை, மற்றபடி அதே கணக்கு. இதனால் பலருக்கு எலும்பு ஒட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படாமல் போகிறது. உண்மையிலேயே நல்ல முறை. மெல்லும் பலத்தில் கழற்றி மாட்டும் செட்டுக்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது.

‘மூன்று நாள்’ என்ற பேச்சில்தான் நான் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

மூன்று நாளில் பல் கொடுக்க முடியுமா? முடியும். அறுவை சிகிச்சை நடந்த அன்றே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அன்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தற்காலிகப் பல். இம்ப்ளாண்ட்டை முடுக்கும்போது அது எலும்பை இறுக்கமாகக் கடித்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு முறுக்கு விசை கிடைத்தால்தான் அன்றே பல் பொருத்துவோம், கிடைக்காவிட்டால் மூடிவிட்டுச் சில மாதம் காத்திருப்போம். அந்த முதல் பிடி, மரத்தில் ஆணி பிடிப்பது மாதிரி. வெறும் இறுக்கம்தான். எலும்பு டைட்டானியத்தோடு சேர்ந்து வளர்வது பிறகு நடக்கும். இடையில் ஒரு விஷயம் நடக்கிறது, அதைப் பலர் நோயாளிக்குச் சொல்வதில்லை. புது எலும்பு வருவதற்கு முன்னால், இம்ப்ளாண்ட்டை நெருக்கிக்கொண்டிருக்கும் பழைய எலும்பை உடம்பு கொஞ்சம் கரைத்து எடுக்கும். அதனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிடி முதல் நாளைவிடக் குறைவாக இருக்கும். அதே வாரத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி போய், நோயாளிக்குத் தைரியம் வந்திருக்கும். ‘கல் மாதிரி இருக்கு டாக்டர்’ என்பார்கள். அந்தத் தைரியத்தில் கடினமானதைக் கடித்து, இம்ப்ளாண்ட் எலும்புக்குள் 0.15 மில்லிமீட்டர் அளவுக்குத் திரும்பத் திரும்ப அசைந்தாலே போதும், எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்துகொள்ளும். அது பிடிப்பே இல்லை. நான்கையும் ஒரே விறைப்பான பல்வரிசையால் இணைப்பது இந்த அசைவைத் தடுக்கத்தான். முதல் இரண்டு மூன்று மாதம் குழைவான சாப்பாடு என்று நாங்கள் வற்புறுத்துவதும் அதற்காகத்தான்.

முடிவான பல், அதாவது உள்ளே உலோகச் சட்டம் வைத்ததோ சிர்கோனியா என்ற பீங்கான் வகையில் கடைந்ததோ, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான். வீக்கம் வடிந்து ஈறு தன் உருவத்துக்கு வந்த பிறகு அளவெடுத்தால்தான் சரியாக இருக்கும். ஆகவே அந்த இடத்தில் கேளுங்கள்: மூன்றாம் நாள் தரும் பல்லே கடைசிப் பல்லா? இல்லையென்றால் அடுத்தது எப்போது, எந்தப் பொருளில், அதற்குத் தனிக் கட்டணமா? சிலர் ஒரே துண்டாக வரும், தாடை எலும்பின் அடர்த்தியான வெளி அடுக்கைப் பிடிக்கும் வேறு வகை இம்ப்ளாண்ட்டை வைத்துத்தான் மூன்று நாள் என்கிறார்கள். ஒன்று கெட்டால் மாற்றுவது அதில் கடினம். நான் என் நோயாளிகளுக்கு முதல் தேர்வாக அதை வைப்பதில்லை. எந்த வகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இம்ப்ளாண்ட்டுக்கு முன்னால் பல் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்களா என்று பாருங்கள். இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் இந்த வேலையில் அடிப்படையே இதுதான். மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்த்து, சிரிக்கும்போது எவ்வளவு தெரிகிறது, உதடு உள்ளே விழுகிறதா, ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ சொல்லும்போது காற்று சீறுகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகு, அந்தப் பல்லுக்கு அடியில் ஸ்க்ரூ எங்கே வர வேண்டும் என்று முப்பரிமாண ஸ்கேனில் குறிப்போம். கணினியிலேயே பல்லை அடுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு, அதுவும் சரி. எலும்பு இருக்கும் இடத்தில் முதலில் இம்ப்ளாண்ட்டை இறக்கிவிட்டுப் பிறகு பல்லைத் தேடினால், முன்பல்லின் முகத்தில் ஸ்க்ரூத் துளை வரும். நாக்குக்கு இடமில்லாமல் போகும்.

உதடு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பல்செட்டில் பல்லுக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு இருக்கிறதே, அது பல வருடமாக உங்கள் அம்மாவின் மேலுதட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ போட்டு நிலையாகப் பொருத்தும் பல்லில் அந்த விளிம்பை வைக்கக் கூடாது, அடியில் சுத்தம் செய்ய முடியாது. எலும்பு நிறையக் கரைந்தவர்களுக்கு மேலே நிலையான பல் வைத்தால் உதடு உள்வாங்கி, வயது கூடியதுபோல் தெரியலாம். நல்ல பல் வந்த பிறகும் ‘முகம் மாறிவிட்டது’ என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்தாடைக்குக் கழற்றி மாட்டும் வகையே பொருத்தமானது என்று சில நேரம் நாங்கள் சொல்வது இதனால்தான். அதிலும் மேலே எலும்பு மிருதுவானது. கீழே இரண்டு போதுமென்றால், கழற்றி மாட்டும் செட்டுக்கே மேலே நான்கு வேண்டும். நிலையான பல்லுக்கு, எலும்பு இடம் கொடுத்தால், நான் ஆறை விரும்புவேன். நான்குக்கும் ஆறுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசத்தை ஆய்வுகள் காட்டவில்லை, உண்மைதான். ஆனால் நான்கில் ஒன்று போனால் முழுப் பல்வரிசையும் தாங்கல் இழக்கிறது, ஆறில் ஒன்று போனால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மேல்செட் நன்றாக நிற்கிறது என்று அம்மாவே சொல்லும்போது இப்போதைக்கு அதைத் தொட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

இனி, கை. ஆமாம், கைதான். நான் முடிவெடுப்பதற்கு முன்னால் நோயாளியின் விரல்களைப் பார்ப்பேன். நிலையான பல்வரிசைக்கும் ஈற்றுக்கும் நடுவே மயிரிழை போன்ற இடுக்கு. தினமும் கண்ணாடி முன் நின்று அதில் மெல்லிய பிரஷ்ஷை நுழைத்து, ஒவ்வொரு இம்ப்ளாண்ட்டையும் சுற்றித் தேய்க்க வேண்டும். நீர்த்தாரை அடிக்கும் கருவி உதவும், ஆனால் பிரஷ்ஷின் வேலையை அது செய்யாது. விரல் மூட்டு வீங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள், கண் மங்கியவர்கள் இதில் திணறிப்போவார்கள். கழற்றி மாட்டும் செட்டென்றால் கழற்றிக் குழாயடியில் தேய்த்துவிடலாம். வாயில் மிச்சமிருக்கும் இரண்டு உலோகத் தலைகளைச் சாதாரணப் பிரஷ்ஷால் துலக்கலாம். பத்து வருடம் கழித்து அம்மாவால் முடியாமல் போனால், பக்கத்தில் இருப்பவர் ஒருவரே செய்துவிடலாம்.

சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இம்ப்ளாண்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய ஈறு சிவந்து வீங்கும், பிறகு எலும்பு கிண்ணம்போல் குழியும். இயற்கைப் பல்லைச் சுற்றி நாரிழைகளால் ஆன ஒரு காப்பு உண்டு, இம்ப்ளாண்ட்டுக்கு அது கிடையாது. அதனால் நோய் வேகமாக உள்ளே இறங்கும். பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. துலக்கும்போது ரத்தம் வருவதுதான் முதல் எச்சரிக்கை, அதை ‘பிரஷ் பட்டிருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும், தேவைப்படும்போது மருத்துவர் ஸ்க்ரூவைக் கழற்றி அடியில் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதி.

உடல்நிலையைப் பொறுத்தவரை, 68 வயது ஒரு தடையே இல்லை. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம், கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். புகையிலை இம்ப்ளாண்ட்டுக்கு நேரடி எதிரி. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுக்கிறாரா என்பதை அவசியம் சொல்லுங்கள். வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி என்று இருப்பதால் ‘தினமும் சாப்பிடும் மருந்து’ பட்டியலில் இவை விடுபட்டுப் போகும். தாடையில் ஆறாத எலும்புப் புண் வரக்கூடும் என்பதால் இது முக்கியம். தாடைப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்திருந்தாலும் அப்படியே. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை அறுவை சிகிச்சைக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், என் மனம் இப்படிப் போகிறது: மேல்செட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். கீழே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்துப் பல்செட்டை மாட்டலாம். பிற்காலத்தில் இன்னும் இரண்டு சேர்த்து நிலையான பல்லாக மாற்ற விரும்பினால் அதற்கு வழி இருக்கும்படி, முதலிலேயே இடம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். இது கேட்கத்தக்க கேள்வி, நல்ல மருத்துவர் உடனே ஸ்கேனைத் திருப்பிக் காட்டிப் பேசுவார். கழற்றி மாட்டுவதே வேண்டாம், அந்த வாழ்க்கை போதும் என்று அம்மா சொன்னால், அவர் கை நன்றாக இயங்கினால், ஸ்கேனும் ஒத்துவந்தால், கீழே நான்கு வைத்து நிலையான பல்லுக்குப் போவதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அப்போது ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: கீழே பலம் கூடியதும் மேல்செட்டின் முன்பக்கம் அழுத்தம் ஏறி, இதுவரை நன்றாக நின்ற மேல்செட் ஆடத் தொடங்கலாம். எதைச் செய்தாலும் எந்த நிறுவனத்தின் இம்ப்ளாண்ட், என்ன விட்டம், என்ன நீளம் என்ற அட்டையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பதினைந்து வருடம் கழித்து வேறொரு ஊரில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால், அந்த அட்டை இல்லாமல் பொருந்தும் திருகுளியைத் தேடுவதற்கே நாட்கள் போகும்.

அடுத்த முறை போகும்போது அம்மாவின் பழைய பல்செட் எல்லாவற்றையும், உடைந்ததுகூட, எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே அவருக்குச் சொந்தப் பல் இருந்த காலத்தில் நன்றாகச் சிரித்த ஒரு புகைப்படம். எந்தப் பல் எவ்வளவு தெரிந்தது, நடுவில் சின்ன இடைவெளி இருந்ததா, ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்ததா என்று லேப்பில் பல் அடுக்குகிறவர் அதைப் பார்த்துத்தான் அடுக்குவார்.